பூஜையில் வைத்த துப்பாக்கி

1

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் எதையும் துடைத்து வைக்கவில்லை. தராசு தூசியோடு நிற்கிறது. மூட்டையில் குத்திச் சாம்பிள் எடுக்கும் குத்தூசி ஆணியில் தொங்குகிறது. காலையில் இவர் கடையைத் திறந்தார், ஒரு ஊதுவத்தி ஏற்றினார், நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் பூஜை.

விருதுநகரிலிருந்து தங்கை விடிந்ததுமே படம் அனுப்பிவிட்டாள். அவள் வீட்டு மிக்சி, மோட்டார் சைக்கிள், பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. "அக்கா, ரங்கூன்ல பூஜை முடிஞ்சுச்சா? போட்டோ போடு" என்று ஒரு குரல் செய்தி வேறு. நான் பதில் போடவில்லை. இன்டர்நெட் சரியில்லை என்று சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். பாதி நாள் அது உண்மையும்கூட.

இந்தப் பத்திரிகைக்கு அவ்வப்போது யாங்கோன் என்கிற இந்த ரங்கூனைப் பற்றி எழுதி வருகிறேன். தண்ணீர்த் திருவிழா, மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா, காளி கோயில் தீமிதி என்று நல்லதையே எழுதியிருக்கிறேன். பண்டிகைக்கு ஏதாவது எழுதுங்கள் என்று ஆசிரியர் இந்த முறையும் கேட்டார். பொரிகடலை பற்றி எழுத எனக்கு வரவில்லை. வருவதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த வார்டு, எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன்.

2

நான் விருதுநகர்க்காரி. அப்பா ஒரு பருப்பு ஆலையில் வேலை பார்த்தார். பர்மா உளுந்து வந்து இறங்கினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு நன்றாக எரியும். அந்த உளுந்தின் பின்னாலேயே வந்தவர்தான் இவர். ஆலைக்குச் சரக்குப் பேச வந்தவர் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டார். பிறகு பெண் கேட்டு ஆள் அனுப்பினார். வெளிநாட்டு மாப்பிள்ளை என்று தெருவே வாயைப் பிளந்தது. வந்து பார்த்தால் எங்கள் ஊர்ப் பஜாரைவிட நெரிசலான ஒரு பஜார், எங்கள் ஊர் வெயிலோடு விடாத மழையும் சேர்த்து.

இவருடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பா ஒரு கடையில் மூட்டை எண்ணினார். இவர் மூட்டை வாங்கி விற்கிறார். கடை பபேடானில், வீடு ஆற்றுக்கால்வாயைத் தாண்டித் தாகேதாவில். வீட்டில் இவர் பெயர் கதிரேசன், அரசாங்க அட்டையில் டின் மவுங். பர்மியர்கள் மரியாதைக்குக் கோ சேர்த்துக் கோ டின் என்று கூப்பிடுவார்கள். எங்களுக்கு ஒரே மகன், அரவிந்தன்.

இவர் பிறந்தது இங்கே. இவருடைய அப்பா பிறந்ததும் இங்கே. இருந்தும் குடிமகன் அட்டைக்காக இவர் நடந்த நடை எனக்குத் தெரியும். ஒவ்வொரு மேஜையிலும் "எப்போ வந்தீங்க?" என்றுதான் முதல் கேள்வி. இந்தியர்களை இழிவாகச் சொல்ல இங்கே 'கலா' என்று ஒரு சொல் உண்டு. முகத்துக்கு நேரே சொல்வார்கள், முதுகுக்குப் பின்னாலும் சொல்வார்கள். அட்டை கைக்கு வரப் பல வருடம் ஆயிற்று. வந்ததும் முழுக் குடிமகனின் அட்டை அல்ல, ஒரு படி குறைந்த நிறத்தில்தான் வந்தது.

துப்பாக்கி உரிமம் ஒரே மழைக்காலத்துக்குள் வந்துவிட்டது.

3

வார்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரை இங்கே லூஜீ என்பார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அவர்கள் வைத்த எங்கள் லூஜீ ஒரு நாள் கடைக்கு வந்தார். வெயிலில் வந்திருக்கிறாரே என்று லபெயே வாங்கி வரச் சொன்னேன். பால் விட்டுக் காய்ச்சிய பர்மியத் தேநீர் அது. நிதானமாகக் குடித்தார்.

"கோ டின், நம்ம வார்டுல தைரியமான ஆளுங்க குறைஞ்சு போயிட்டாங்க."

"நான் வியாபாரி, லூஜீ. எனக்கும் தைரியத்துக்கும் ரொம்பத் தூரம்."

"வியாபாரியும் வீடு வாசலோட இருக்கணும் இல்ல? ரோந்துக்கு ஆள் வேணும். வர்ற ஆளுக்குப் பாதுகாப்பு வேணும். விசுவாசமானவங்களுக்குக் கைத்துப்பாக்கி உரிமம் குடுக்கலாம்னு மேல சொல்லியிருக்காங்க. உங்க பேரை எழுதட்டுமா?"

இவர் சிரித்து மழுப்பினார். லூஜீயும் சிரித்தார். பிறகு கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த அரவிந்தனின் படத்தைப் பார்த்தார்.

"பையனுக்கு என்ன வயசு?"

"இருபது."

"நல்ல வயசு. அடுத்த குலுக்கல்ல பேரு இருக்கும். நம்ம கூட நிக்கிற வீட்டுப் பையன்னா, நான் பாத்துக்கலாம்."

குலுக்கல் என்றது கட்டாய ராணுவச் சேவைக்கு. அந்த வயதுப் பையன்களின் பெயர்களை வார்டு வாரியாகப் போட்டு எடுப்பார்கள். எடுத்த பெயர் போய்ச் சேர வேண்டும். எங்கே அனுப்புவார்கள் என்பது தெரியாது. திரும்பி வருவானா என்பதும் தெரியாது.

அவனை விருதுநகருக்கு அனுப்பிவிடு என்று நீங்கள் சொல்லலாம். தங்கையும் அதையேதான் சொன்னாள். இந்த வயது ஆண்பிள்ளைகளை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. திருப்பி அனுப்பினால்கூடப் பரவாயில்லை, அங்கிருந்தே வேறு எங்காவது கொண்டுபோய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அனுப்பவில்லை.

லூஜீ மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை, தேநீருக்கு நன்றி சொன்னார். அவர் போன பிறகு இவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"செம்பகம், என்ன செய்யட்டும்?"

"வேணாம்னு சொன்னா?"

"சொன்னா புள்ள பேரு மொத சீட்டுல வரும்."

"சரின்னு சொன்னா?"

ராணுவத்தோடு நிற்கிற வார்டு ஆட்களை யார் யாரோ வந்து சுட்டுவிட்டுப் போவது அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. பேர் எழுதட்டும் என்று மறுநாள் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

4

விருதுநகரில் நான் வளர்ந்தபோது துப்பாக்கி என்றால் இரண்டுதான். ஒன்று, பாங்க் வாசலில் ஸ்டூல் போட்டுத் தூங்கும் காவலாளியின் மடியில் இருப்பது. இன்னொன்று, பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் பலூன் சுடுவது. உண்மையான உரிமம் வைத்திருந்த பெரிய வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். தேர்தல் வந்தால் அவர் அதைத் துணியில் சுற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். தெருவே வேடிக்கை பார்க்கும். ஊரில் பதற்றம் வந்தால் துப்பாக்கியை வாங்கி வைப்பார்கள் என்றுதான் நான் தெரிந்து வைத்திருந்தேன். இங்கே பதற்றம் வந்ததும் கொடுத்தார்கள்.

வார்டிலிருந்து நன்னடத்தைக் கடிதம், போலீஸில் குற்றம் இல்லை என்று ஒரு காகிதம், டாக்டர் சான்று, நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படங்கள். கண் பரிசோதனையில் கொஞ்சம் மங்கல் என்றார் டாக்டர். இது போதும் என்று கூட வந்த வார்டு ஆள் சொல்லிவிட்டார். 'எப்போ வந்தீங்க' என்று இந்த முறை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அட்டையின் நிறத்தை யாரும் பார்க்கவில்லை.

பிறகு நகரத்துக்கு வெளியே ஒரு மைதானத்தில் பயிற்சி. அரவிந்தனிடம் சரக்கு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவனுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று நாங்கள் இரண்டு பேருமே முடிவு செய்திருந்தோம். முதல் நாள் வந்து கையை வெந்நீரில் வைத்துக்கொண்டார். கடைசி நாள் வந்தபோது முகத்தில் ஒரு மாதிரியான வெளிச்சம் இருந்தது.

"இன்னிக்கு சொல்லிக் குடுக்கிறவன் என்னா சொன்னான் தெரியுமா? 'இந்தக் கலா நல்லாச் சுடுறான்'ன்னு சொன்னான். எல்லாம் கைதட்டுனாங்க."

வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லால் குத்துப்பட்டவர் அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அழுகை வந்தது. சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

5

உரிமத்தோடு ஒரு விதி சொன்னார்கள்: வெளியே தெரியக்கூடாது. வைத்திருப்பதை யாருக்கும் காட்டக்கூடாது.

இவர் பிறந்ததிலிருந்து லுங்கிதான். கோயிலுக்கும் அதுதான், பாங்குக்கும் அதுதான், எங்கள் கல்யாணத்துக்குக்கூட ஒரு பட்டு லுங்கியோடு வந்து இறங்கியவர். லுங்கி முடிச்சில் காசு நிற்கும், போன் நிற்கும். ஒரு கிலோ இரும்பு நிற்காது. வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்த்தார். முடிச்சு அவிழ்ந்து எல்லாம் காலடியில் விழுந்தது. நல்லவேளை, குண்டு போட்டிருக்கவில்லை. அந்த நிலைமையிலும் நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம்.

ஆகவே பேன்ட் வாங்கினார். பெல்ட் வாங்கினார். தொப்பைக்கு மேலே சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரப் பழகினார். மறைப்பதற்காகப் பேன்ட் போட்டார். பேன்ட் போட்டதாலேயே தெரு முழுக்க இவரைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கடை ஹமீது பாய் கீழக்கரை வழி வந்த குடும்பம். குடைக்கடை வைத்திருக்கிறார். "என்னண்ணே, இந்த வயசுல மாப்பிள்ளை ஆவப் போறீங்களா?" என்று கேட்டார். குடலிறக்கம், பெல்ட் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக இவர் ஒரு பொய் சொன்னார். பாய் நம்பியது போல இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அது பீரோவில், என் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் இருக்கும். அந்தத் தட்டை அரவிந்தன் திறக்க மாட்டான். அவன் கையில் எப்போதும் ஒரு கிதாரோ போனோ இருக்கும். ஞாயிறுகளில் நான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த தமிழ் அவனுக்கு நன்றாகப் புரியும். பேசத்தான் மாட்டான். நான் தமிழில் கேட்பேன், அவன் பர்மியத்தில் பதில் சொல்வான். இருபது வருடமாக எங்கள் வீடு அப்படித்தான் பேசியது. அவனுடைய கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் தெருவிலிருந்து காணாமல் போனார்கள். தாய்லாந்துக்கு வேலைக்கு என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள். நாங்கள் தலையாட்டுவோம். ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களோடு சேரக் காட்டுக்குள் போயிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் குலுக்கலில் அரவிந்தன் பெயர் வரவில்லை. லூஜீ சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். எதிர் வீட்டுப் பையனின் பெயர் வந்தது. அவனுடைய அம்மா கதறியதை ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்டேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

6

போன வருடம் ஆயுத பூஜை. கடையைக் கழுவி, தராசைப் புளி போட்டுத் தேய்த்து, குத்தூசி, கால்குலேட்டர், ஈரப்பதம் பார்க்கும் மெஷின், மூட்டை தூக்குகிறவர்களின் கொக்கிகள் என்று வரிசையாக வைத்தாயிற்று. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஆட்கள் யாரும் இன்னும் வரவில்லை. இவர் இடுப்பில் கை விட்டு அதை எடுத்தார்.

"அத எதுக்குங்க வெளிய எடுக்கீங்க?"

"கும்பிடாம இதக் கூட வச்சுக்கிட்டுத் திரிய எனக்குப் பயமா இருக்கு, செம்பகம். கும்பிடாத சாமான் அடங்கி நிக்காது."

"யாராச்சும் பாத்துட்டா?"

"ஷட்டர் எறங்கித்தான கெடக்கு? ஒரு பூ வச்சுட்டு எடுத்துர்றேன். இத எடுத்து யாரையும் சுடுற நெலம எனக்கு வரப்படாதுன்னு வேண்டிக்கிறேன். அது தப்பா?"

தப்பு என்று எப்படிச் சொல்வது? நம் வீடுகளில் தோசைக்கல்லுக்குக்கூட அன்றைக்கு ஒரு பொட்டு உண்டு. வேலை செய்கிற எந்தச் சாமானையும் ஒதுக்கி வைத்துப் பூஜை செய்து நமக்குப் பழக்கமில்லை. தராசுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணியை விரித்து அதை வைத்தார். மற்ற எல்லாவற்றுக்கும் இட்டதுபோல அதன் குழலிலும் சந்தனத்தைத் தீற்றி, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவைச் சுற்றினார். சூடம் காட்டினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

பிறகு வருடா வருடம் செய்வதைச் செய்தார். விளக்கு எரியும்போதே போனை எடுத்துத் தராசைப் படம் பிடித்து, வியாபாரம் செழிக்கட்டும் என்று பர்மியத்தில் ஒரு வரி எழுதி, வைபரில் எங்கள் பஜார் வியாபாரிகள் குழுவுக்கு அனுப்பினார். நானும்தான் பக்கத்தில் நின்றேன். விளக்கு நன்றாக விழுந்திருக்கிறதா என்றுதான் இரண்டு பேரும் பார்த்தோம். சந்தனமும் பூவுமாக இருந்த அது எங்கள் கண்ணுக்குத் துப்பாக்கியாகவே தெரியவில்லை. வரிசையில் இன்னொரு சாமான், அவ்வளவுதான்.

இடுப்பில் திரும்பச் செருகிக்கொண்டு ஷட்டரை ஏற்றினார். மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹமீது பாய் வழக்கம்போலப் பொரி வாங்க வந்தவர், என் கையிலிருந்து வாங்காமல் நேரே இவரிடம் போனார்.

"டின் அண்ணே, இந்தப் படத்த மொதல்ல அழிங்க."

"ஏன் பாய்? வெளக்கு நல்லாத்தான விழுந்திருக்கு?"

பாய் தன் போனில் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். தராசுத் தட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில், பூ சுற்றிய கறுப்புக் குழல். இவர் முகம் சாம்பலாகிவிட்டது. அழித்தார். குழுவில் இருந்த அத்தனை பேரும் அதற்குள் பார்த்தாகிவிட்டது.

மத்தியானத்துக்குள் அது முகநூலில் ஒரு பக்கத்தில் வந்துவிட்டது. கடையின் பெயர், தெருவின் பெயர், இவருடைய முகத்தை வட்டம் போட்டு இன்னொரு படம். காட்டிக்கொடுக்கிறவனை இங்கே தலான் என்பார்கள். அந்தச் சொல்லும் இருந்தது. துப்பாக்கிக்கே பொட்டு வைத்துக் கும்பிடுகிறான் பார், எவ்வளவு ஆசை இவனுக்கு என்று கீழே எழுதியிருந்தார்கள். அது யாரையும் சுட வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட கும்பிடு என்று நான் எந்த மொழியில் போய்ச் சொல்வது?

கோ ஸோ எங்கள் கடையில் நெடுநாளாக மூட்டை தூக்கியவர். மறுநாள் காலையில் வந்து, பொட்டு காயாத தன் கொக்கியை எடுத்துக்கொண்டார்.

"அமா, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஆனா என் தம்பி அந்தப் பக்கம் இருக்கான். இனிமே இந்தக் கடையில மூட்டை தூக்கினா எங்கம்மா எனக்குச் சோறு போட மாட்டா."

அமா என்றால் அக்கா. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் கடைசி.

7

பூஜை அன்றைக்கே, நாங்கள் கடையிலிருந்து வீட்டுக்கு வரும்போது பீரோ திறந்திருந்தது. என் சேலைகள் கட்டில் மேல் கிடந்தன. அரவிந்தன் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"எங்க வச்சிருக்கீங்க?" என்றான்.

இவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். தமிழிலேயே பேசினார்.

"உனக்காகத்தான்டா."

"நான் கேட்டேனா?" அவன் பர்மியத்தில் பேசினான், கத்தாமல். "என் கூடப் படிச்சவங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். அத வச்சு யாரச் சுடுவீங்க?"

"யாரையும் சுடுறதுக்கில்ல. உன்ன இங்கன வச்சுக்கிறதுக்கு."

"எதிர் வீட்டு நண்டாவை அனுப்பிட்டு என்னை வச்சுக்கிட்டீங்க. அவன் அம்மா முகத்த நான் தினமும் பாக்கணும்."

இவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். எனக்குப் பேச நிறைய இருந்தது. உன்னைப் பெற்றவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டிருக்கலாம். எந்தத் தாயும் அடுத்தவள் பிள்ளைக்காகத் தன் பிள்ளையைக் கொடுப்பாளா என்று கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் அவன் போய்விடுவான் என்று தோன்றியதால் சேலைகளை மடித்து வைத்தேன்.

வாய் திறக்காமலும் போய்விட்டான். அந்த வாரத்திலேயே ஒரு காலையில், ஊருக்குள்ளேயே அலோனில் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போய் வருகிறேன் என்றான். சாப்பிட்டான். முட்டைக் குழம்பு, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போன் சார்ஜரையும் ஒரு ஜாக்கெட்டையும் பையில் வைத்துக்கொண்டான். கிதாரை எடுக்கவில்லை. அதனால் சாயங்காலம் வந்துவிடுவான் என்று நம்பினேன்.

பிறகு எப்போதாவது தெரியாத எண்ணிலிருந்து கூப்பிடுவான். ஒரு நிமிடம் போல. சாப்பிட்டீங்களா, உடம்பு நல்லா இருக்கா என்று கேட்பான். எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கக்கூடாது. கேட்டதும் இல்லை. இவர் என் பக்கத்தில் வந்து போனுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பார். ஒரே ஒரு முறை, "அவர் இன்னும் பேன்ட்தான் போடுறாரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வைத்துவிட்டான்.

திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று இவரிடம் சண்டை போட்டேன். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். பயம் என்றால், யாரைப் பார்த்துப் பயம் என்று கேட்பார்கள். மனம் மாறிவிட்டது என்றால், யார் மாற்றியது என்று கேட்பார்கள். இதற்கிடையில் கடை வாசலில் ஒரு நாள் யாரோ சிவப்புப் பெயின்ட் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்து அது இல்லாமல் வெளியே போக இவருக்கே பயம் வந்துவிட்டது. வேண்டாம் என்று வாங்கிய சாமான், இப்போது அது இல்லாமல் தெருவில் இறங்க முடியாது.

8

இந்த மழைக்காலத்தில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. லூஜீயின் கடிதம் வேண்டும். இரண்டு பேரும் போனோம். அவர் எங்களை உட்கார வைத்துவிட்டு, கதவைத் தானே எழுந்து போய்ச் சாத்தினார்.

"பையன் எங்க?"

"தாய்லாந்துல வேலைக்கு..." என்று இவர் ஆரம்பித்தார்.

"கோ டின், எனக்கும் பையன் இருக்கான். என்கிட்ட வேணாம். மேல கேப்பாங்க. அப்பா இடுப்புல ஒண்ணு, பையன் அந்தப் பக்கம்னா என்ன அர்த்தம்னு கேப்பாங்க. வீட்டுக்கு சீல் வச்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது. உங்களைக் கூட்டிட்டுப் போனாலும் பண்ண முடியாது."

"உரிமமே வேணாம், திருப்பிக் குடுத்துர்றோம்" என்றேன் நான்.

"இப்பக் குடுத்தா இன்னும் மோசம், அமா. பேப்பர்ல ஒரு அறிவிப்புப் போட்டுருங்க. எல்லாரும் போடுறாங்க."

அந்த அறிவிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். பருப்பு மடிக்க வாங்கும் பழைய பேப்பரில் வரிசையாக வரும். பெற்றோரின் சொல் கேளாமல் திரும்பத் திரும்ப மனவேதனை கொடுத்ததால், இந்த மகனை, இந்த மகளை, உறவிலிருந்து விலக்குகிறோம், இனி அவர் தொடர்பான எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல. கீழே அப்பா பெயர், அம்மா பெயர். அந்தத் தாய்களை நான் மனதுக்குள் என்னென்னவோ திட்டியிருக்கிறேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன்.

"அன்னிக்குப் புள்ளைக்காக இத வாங்குனீங்க. இன்னிக்கு இதுக்காகப் புள்ளைய எழுதிக் குடுக்கணுமா?"

"சும்மா காயிதம், செம்பகம். எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். அந்தப் பக்கம் இருக்கிற எல்லாப் பையனுக்கும் இது வந்திருக்கும்."

"என்ன மனவேதனை குடுத்தான் அவன்? சொல்லுங்க. எந்தச் சொல்லக் கேக்கல?"

பஸ் வந்தது. அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினார்.

விளம்பரம் வாங்கும் இடத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். தனாகா மரப்பட்டைச் சாந்து பூசிய முகம், பிள்ளைத்தனமான குரல். வாசகம் எல்லாம் அவளிடமே தயாராக இருந்தது. பெயர் மட்டும் நிரப்ப வேண்டும். அரவிந்தனுடைய பர்மியப் பெயரை இவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். கையெழுத்து என்றபோது நான் எப்போதும்போலத் தமிழில் போட்டேன். அது செல்லாது, அமே, ரேகை வையுங்கள் என்றாள். அமே என்றால் அம்மா. என் கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் அமுக்கிக் காகிதத்தில் பதித்தாள். துடைக்க ஒரு துணியும் கொடுத்தாள். கெட்ட பெண் இல்லை. அவளுக்கு அன்றைக்கு நான் எத்தனையாவது தாயோ.

அந்த வாரமே உரிமம் புதுப்பித்து வந்துவிட்டது.

9

அறிவிப்பு வெளியான நாளிலிருந்து அவன் கூப்பிடவில்லை.

சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பான் என்கிறார் இவர். எண் மாற்றியிருப்பான் என்கிறார் ஹமீது பாய். இன்னொரு காரணத்தை எங்கள் மூன்று பேரில் யாரும் சொல்வதில்லை. பேப்பரைப் பார்த்து நிஜமென்று நம்பிவிட்டானோ என்று ஒரு நாள் நினைக்கிறேன். நம்பிக் கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, கோபப்பட உயிரோடு இருக்கிறான் என்று மறுநாள் நினைக்கிறேன். சும்மா காகிதம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்தான். ஆனால் அதில் இருப்பது என் விரல். அதை அவன் என்னவென்று எடுத்துக்கொண்டானோ, கேட்க வழியில்லை.

இப்போது வார்டிலிருந்து யாராவது ஆள் கணக்கெடுக்க வந்தால், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். இரண்டு பேர் என்று இவர் சொல்வார். பிள்ளைகள் என்று கேட்டால் நான் தலையை ஆட்ட வேண்டும், இல்லை என்று. நன்றாகவே ஆட்டுகிறேன். போன முறை வந்த அம்மாள் என்மேல் இரக்கப்பட்டு, பகோடாவுக்குப் போய் வேண்டிக்கொள்ளுங்கள், இந்த வயதிலும் பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதைப் படிக்கிற உங்களால் எங்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது, தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ரங்கூனில் யாரோ ஒரு பருப்புக்கடைக்காரர், அவர் மனைவி என்று எங்காவது பேச்சு வந்தால், அவர்களுக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று சொல்லுங்கள். இங்கே எங்களால் அதைச் சொல்ல முடியாது.